தங்கவயலில் ஆற்றுப்படுத்த வல்லவர் யார்?

குடிநோயிலிருந்து மீள ஒருவருக்குத் துணைநிற்கும் ஆலோசகருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற வினாவுக்கு இந்தியாவில் இன்றுவரை ஒரே விடை இல்லை. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்குப் பதிவு மன்றங்கள் உண்டு. பதிவு பெறாமல் அவர்கள் தொழில் நடத்த இயலாது. போதை மீட்பு ஆலோசகரின் நிலை வேறு. முதுகலை உளவியல் பயின்றவரும், சில நாள் பயிற்சி வகுப்பில் அமர்ந்து எழுந்தவரும், தாம் குடியை விட்டவர் என்பதைத் தவிர வேறு எந்தப் பயிற்சியும் இல்லாதவரும் ஒரே பதவிப் பெயரோடு பணியாற்ற முடிகிறது. இக்குழப்பத்தின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பது, கோலார் தங்கவயல் போன்ற ஓர் ஊரை முன்வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகும்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே சென்று குடியேறின. அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். ஊர்க்காம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் ஆழத்தில் அவர்கள் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. பாறை வெடிப்பில் உயிரிழந்தவர்கள் ஒருபுறம். கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள் மறுபுறம். பணி முடிந்து மேலே வந்த உடலுக்குச் சாராயமே வலிநிவாரணியாகவும் உறக்க மருந்தாகவும் அமைந்தது. வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில், ஒரு வீட்டில் எழும் சண்டை அடுத்த நான்கு வீடுகளுக்கும் கேட்கும். குடி அங்கே எவருடைய மறைபொருளாகவும் இருந்ததில்லை.

2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. கூலியோடு, தொழிலாளர் என்ற அடையாளமும், நிறுவன மருத்துவமனை தந்த பாதுகாப்பும் போயின. அடுத்த தலைமுறை விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு சென்று, இரவில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகியது. 2007 ஜூலை 1 முதல் கருநாடக அரசு சாராயத்தைத் தடைசெய்தது. ஆயினும் குடித்தவர்கள் குடியை விட்டுவிடவில்லை; மலிவு விலை மதுவகைகளுக்கு மாறினர். விற்பனையின் வடிவம் மாறியது. நோய் அப்படியே நின்றது.

இது தங்கவயலுக்கு மட்டுமே உரிய நோயன்று. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகவும், சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுப் பழக்கம் தொடர்பான உதவி தேவைப்படுவதாகவும் கூறியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார் என்பதும் அதே கணக்கெடுப்பின் முடிவு. மீதி 37 பேரிடம் யார் செல்வது என்பதே ஆலோசகர் தகுதி பற்றிய விவாதத்தின் மையமாக இருக்க வேண்டும்.

தகுதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குடிப்பவரிடம் நல்ல வார்த்தை பேசுவதற்குப் பட்டமும் தேர்வும் தேவையா என்பது அவர்களின் வாதம். அப்பணியின் உள்ளடக்கத்தை அறிந்தால் இவ்வாதம் நில்லாது. பல்லாண்டுகளாக நாள்தோறும் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாட்களில் இல்லாத உருவங்களைக் காண்பதும், இல்லாத குரல்களைக் கேட்பதும், இடம் காலம் அறியாது பிதற்றுவதும் நேரலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிரையே பறிக்கக்கூடிய நிலை அது. பயிற்சியற்றவர் கண்ணுக்கு அது பேய்க்கோளாறாகவோ, அடம்பிடித்தலாகவோ தெரியும். ஓர் அறையில் பூட்டிவைத்து, 'நாலு நாளில் சரியாகிவிடும்' என்று உறவினரைத் தேற்றி அனுப்புபவர், அறியாமையால் ஒரு மரணத்துக்குக் காரணமாகிவிடுகிறார். நெடுநாள் குடித்தவரின் உடலில் தயமின் என்னும் உயிர்ச்சத்து வற்றியிருக்கும். அதை ஈடுசெய்யாமல் விட்டால் மூளைக்கு நிலையான சேதம் ஏற்படக்கூடும் என்பதும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொரு வழக்கம் உண்டு. கணவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காப்பியிலோ டைசல்ஃபிராம் மாத்திரையைக் கலந்து கொடுப்பது. அம்மருந்து உடலில் இருக்கும்போது மது உள்ளே சென்றால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகும். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளியின் ஒப்புதலோடும் மருத்துவரின் மேற்பார்வையிலும் தரவேண்டிய மருந்து அது. வழியற்று நிற்கும் ஒரு மனைவிக்கு அம்மாத்திரையை இரகசியமாகக் கொடுக்கச் சொல்லும் 'ஆலோசகர்' நன்மை செய்வதாகவே எண்ணக்கூடும். நல்லெண்ணம் பயிற்சிக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குடியை நிறுத்திய முதல் மாதங்களில் தலைதூக்கும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கண்டறிதல், வீட்டில் அடிபடும் பெண்ணின் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்தல், கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல், தம் எல்லையைக் கடந்தவற்றை மருத்துவரிடம் அனுப்புதல் ஆகிய அனைத்தும் கற்றுத் தேர வேண்டிய திறன்கள். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளில் இரகசியம் காத்தல் தனிக் கலையே.

ஆகவே சான்றளிப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய சான்றளிப்பு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இன்றைய சட்டநிலை பின்வருமாறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. மனநல நிறுவனங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்யும் பொறுப்பும் அந்த ஆணையத்துக்கு உண்டு. அப்பட்டியலில் போதை மீட்பு ஆலோசகர் இல்லை. மறுவாழ்வு வல்லுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலாளரை ஏற்கிறது. போதை மீட்பு ஆலோசகருக்கென அங்கே தனிப் பிரிவு இல்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அதன் அட்டவணையில் நலக்கல்வியாளர், நோய்சார் ஆலோசகர், எச்.ஐ.வி. ஆலோசகர், மனநலத் துணைப் பணியாளர் ஆகியோர் இடம்பெற்றனர். மாநிலந்தோறும் மன்றம் அமைத்துப் பதிவேடு பேண வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அங்கும் போதை மீட்பு ஆலோசகர் என்ற பெயர் தனித்துக் குறிக்கப்படவில்லை. எந்தப் பிரிவில் அவரைப் பொருத்துவது என்பது விளக்கத்துக்கு உரியதாகவே நிற்கிறது.

சட்டம் விட்ட இடைவெளியைப் பயிற்சி நிறுவனங்கள் நிரப்ப முயன்றுள்ளன. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, சிகிச்சையோடு ஆலோசகர் பயிற்சியையும் நெடுங்காலமாக நடத்திவருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையம் தென்னிந்தியாவின் முதன்மையான பயிற்சிக்களங்களுள் ஒன்று. தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சான்றிதழ்ப் பயிற்சிகளை நடத்துகிறது. கொழும்புத் திட்டத்தின் போதைத் தடுப்புப் பிரிவு 1973இலிருந்து இயங்கி, பின்னாளில் ஆசிய நாடுகளின் ஆலோசகர்களுக்குப் பொதுப் பாடத்திட்டத்தையும் படிநிலைத் தேர்வுகளையும் உருவாக்கியது. இவை அனைத்தும் மதிப்புடையவை. ஆனால் இவற்றுள் எதுவும் கட்டாயமில்லை. சான்று பெற்றவரும் பெறாதவரும் பணியாற்றலாம் என்னும்போது, பெறாதவரை அமர்த்துவதே மையத்துக்குச் செலவு குறைந்த வழி.

வெளிநாட்டு அனுபவம் இங்கே உதவக்கூடும். அமெரிக்காவில் இச்சான்றளிப்பு மாநிலங்களின் பொறுப்பு. நியூயார்க் மாநிலத்தில் ஆலோசகர் சான்று பெற 350 மணிநேரப் பாடப் பயிற்சி, மேற்பார்வையுடன் கூடிய 300 மணிநேரச் செய்முறை, 6,000 மணிநேரப் பணி அனுபவம், ஒரு தேர்வு ஆகியவை வேண்டும். பள்ளிக்கல்வியை முடித்தவர் இவ்வழியில் நுழையலாம். இளங்கலைப் பட்டம் இருந்தால் அனுபவத்தில் 2,000 மணிநேரமும், முதுகலைப் பட்டம் இருந்தால் 4,000 மணிநேரமும் கழிக்கப்படும். பாடப் பயிற்சி முடித்தவர் பயிற்சியாளர் என்ற நிலையில் ஊதியத்தோடு பணியாற்றிக்கொண்டே மீதி மணிநேரத்தை நிறைவு செய்யலாம். இவ்வமைப்பின் சிறப்பு இதுவே: பட்டத்தை அது மதிக்கிறது, ஆனால் பட்டமில்லாதவருக்குக் கதவை மூடவில்லை. உழைத்து ஈட்டிய அனுபவத்தால் ஒருவர் பட்டத்தை ஈடுகட்டலாம். தேர்விலிருந்தும் மேற்பார்வையிலிருந்தும் எவருக்கும் விலக்கில்லை.

இந்தியாவில் நடப்பது இதற்கு எதிரானது. அரசு நிதியுதவி பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பதவி சமூகப்பணியோ உளவியலோ படித்த பட்டதாரிக்கு உரியது. குடியையோ போதையையோ விட்டு மீண்டவருக்கு 'சக கல்வியாளர்' என்ற தனி இடம் உண்டு. அவ்விடத்திலிருந்து ஆலோசகர் நிலைக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டு இல்லை. பத்தாண்டு காலம் நோயாளிகளோடு இரவும் பகலும் இருந்தவர் பத்தாண்டுக்குப் பின்னும் அதே இடத்தில் நிற்பார். நேற்றுப் பட்டம் பெற்று வந்தவர் அவருக்கு மேலே அமர்வார்.

இதைத் தங்கவயலில் பொருத்திப் பார்க்க வேண்டும். மூடப்பட்ட சுரங்கத்தின் முன்னாள் தொழிலாளி ஒருவரின் மகனை எண்ணிக்கொள்வோம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், இருபது வயதில் ரயிலேறத் தொடங்கியவர், முப்பதில் குடிக்கு அடிமையாகி, நாற்பதில் மீண்டவர். ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் எவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவர் அறிவார். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். அவருடைய தமிழ் அவ்வூரின் தமிழ். ஆலோசகராக வேண்டுமானால் அவர் முதலில் பட்டம் பெற வேண்டும். அதற்கு வேலையை விட வேண்டும். பயிற்சிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் செல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ தேர்வெழுத வேண்டும். அவர் செய்யமாட்டார். செய்ய முடியாது என்பதே உண்மை. அவருக்கு மாற்றாக வரக்கூடிய பட்டதாரி தமிழறியாதவராக இருக்கலாம். குற்றவுணர்வையும் வெட்கத்தையும் மனிதர் இரண்டாம் மொழியில் பேசுவதில்லை. 'குடிக்காமல் இருந்தால் கை நடுங்குகிறது' என்பதை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். 'என் மகள் என்னைக் கண்டால் அறைக்குள் ஓடி ஒளிகிறாள்' என்பதைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும்.

மறுதரப்பையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். மீண்டவர் என்பதே போதிய தகுதி என்ற கருத்து ஆபத்தானது. தமக்கு உதவிய வழியே அனைவருக்கும் உதவும் என்று நம்புதல், மருந்தைப் பலவீனமாகக் கருதுதல், மீண்டும் குடித்தவரைத் துரோகி போல நடத்துதல் ஆகியவை பயிற்சியற்ற அனுபவத்தின் குறைகள். மீண்டவர்களே நடத்தும் மையங்களிலும் அடியும் கட்டிவைத்தலும் நடந்துள்ளன என்பதைச் செய்தித்தாள்களைப் படிப்போர் அறிவர். அனுபவம் ஒரு நுழைவுச்சீட்டு. அதுவே பயண முடிவாகிவிடாது. பட்டம் பெற்றவரின் அறியாமை ஊரைப் பற்றியது. மீண்டவரின் அறியாமை நோயைப் பற்றியது. இரண்டையும் நீக்கும் அமைப்பே நல்ல சான்றளிப்பு.

அதற்கான வழி இன்றைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், துணைமருத்துவத் தொழிலருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணிநேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. அந்த 2,000 மணிநேரத்தையும் பெங்களூரு வகுப்பறையில்தான் கழிக்க வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. போதை மீட்பு ஆலோசனைக்கென ஒரு பட்டயப் படிப்பை வடிவமைத்து, அதன் பெரும்பகுதியை உள்ளூர் மருத்துவமனையிலும் மறுவாழ்வு மையத்திலும் மேற்பார்வையுடன் கூடிய பணியாக அமைக்கலாம். பாடப்பகுதியையும் மேற்பார்வையையும் தொலைவழியில் தரும் ஆற்றல் நிம்ஹான்ஸுக்கு உண்டு. காணொலி வழியாக மாவட்டங்களின் பணியாளருக்குப் பயிற்சியளித்த அனுபவம் அந்நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசி உதவிச் சேவை, 14416 என்ற எண்ணில் பல இந்திய மொழிகளில் பேசுகிறது. தொலைபேசியில் பன்மொழி இயலுமென்றால் தேர்வறையிலும் இயலும்.

இவ்வமைப்பில் மூன்று நிபந்தனைகள் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. முதலாவது, தேர்வு மொழி. கோலார் மாவட்டத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய நான்கும் வீட்டுமொழிகள். தங்கவயலின் இளைஞர் பலர் தமிழ் பேசுவர். பள்ளியில் பயிலாததால் தமிழை எழுத இயலாதவரும் அவர்களுள் உண்டு. எனவே எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் வேண்டும். நோயாளியோடு பேசும் முறையை நேரில் கண்டு மதிப்பிடுதலும் வேண்டும். இரண்டாவது, ஊதியம். சம்பளமில்லாப் பயிற்சிக்கால மணிநேரம் என்பது, வசதியுள்ளவர் மட்டுமே கடக்கக்கூடிய வேலி. மதுவால் அரசு ஈட்டும் ஆயத்தீர்வையின் மிகச் சிறு பகுதியைப் பயிற்சி உதவித்தொகைக்கு ஒதுக்குவது நியாயமான கோரிக்கையே. மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47ஆம் கூறு அரசுக்கு வழிகாட்டுகிறது. அம்முயற்சி கைகூடும்வரை, விற்பனையால் விளைந்த நோய்க்கு மருந்திடும் கடமையேனும் அரசுக்கு உண்டு. மூன்றாவது, எல்லை. பட்டய ஆலோசகர் தனித்து இயங்கக்கூடாது. குடியை நிறுத்தும் முதல் நாட்கள் மருத்துவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். தவறிழைத்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இருக்க வேண்டும்.

ஏழைகளுக்கு மட்டும் இரண்டாந்தர ஆலோசகரைத் தருவதாக இது முடியாதா என்ற ஐயம் எழலாம். படிக்கட்டு பாதியில் நின்றால் அவ்வாறே முடியும். பட்டயம் பெற்றவர் பணியிலிருந்தபடியே மேற்படிப்பு பயின்று மேலே செல்ல வழி இருந்தால், அது இரண்டாந்தரமாகாது, முதற்படியாகும். இன்றைய நிலையில் தங்கவயலுக்குக் கிடைப்பது இரண்டாந்தர ஆலோசகரும் அல்லர். பெரும்பாலோருக்கு எவரும் இல்லை. 38 பேரில் ஒருவர் என்ற கணக்கை மறக்கலாகாது.

இக்கருத்து தங்கவயலுக்கு வெளியிலிருந்து இறக்குமதியானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. 1920களில் கோ. அப்பாத்துரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களுள் ஐந்தாவது மதுவை விலக்குவது. சுரங்கத் தொழிலாளர் தமக்குள்ளேயே கூடி, தம் மொழியில், தம் விடுதலையின் ஒரு பகுதியாக அவ்வொழுக்கத்தைப் பேசிய மரபு அவ்வூருக்கு உண்டு. அங்கே பேசியவரும் கேட்டவரும் ஒரே மக்கள்.

தமிழில் ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்றும் அழைக்கிறோம். அச்சொல்லுக்குப் பின்னால் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை மரபு நிற்கிறது. வறுமையில் வாடிச் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வாடி வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. வழி சொல்பவன் அவ்வழியில் நடந்தவன் என்பது அம்மரபின் முதல் தகுதி. எந்த இடத்தில் காடு, எந்த இடத்தில் நீர், எந்த இடத்தில் தங்கலாம் என்பதைப் பிழையின்றிச் சொல்ல வல்லவன் என்பது இரண்டாம் தகுதி. மாநில மன்றங்கள் வகுக்க வேண்டிய விதிகள் இவ்விரு தகுதிகளையும் ஒருங்கே கேட்பவையாக இருக்கட்டும். முதல் தகுதி உடையவர்கள் தங்கவயலில் ஏராளம். இரண்டாவதை அவர்களுக்குக் கற்பித்து, சோதித்து, சான்றளித்து, ஊதியத்தோடு அமர்த்துவதே அரசின் வேலை.